குப்பம் வென்ற கோப்பை

தோழர்களே, 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் ஒரு கால்பந்தாட்டம் நடைபெற்றது. ஆறு லட்சம் மக்கள் வாழும் மாநகர் அது. 1982இலும் 1987இலும் ஐரோப்பாவின் யூஃபா கோப்பையைக் கைப்பற்றி வந்த பெருமைக்குரிய அணி, தன் சொந்தத் திடலில், தன் சொந்த மக்கள் முன்னிலையில் நின்றது. எதிரே நின்றது மியெல்பி என்னும் சிற்றூரின் அணி. ஆட்டம் முடிந்தது. சிற்றூருக்கு இரண்டு கோல், மாநகருக்கு ஒன்றுமில்லை. இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே சுவீடனின் தலைசிறந்த அணி எதுவென்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

மறுநாள் உலகத்து ஏடுகள் எழுதின. தேவதைக் கதை என்றன. அற்புதம் என்றன. தாவீது கோலியாத்தை வீழ்த்தினான் என்று பழைய ஏற்பாட்டையும் துணைக்கு அழைத்தன. பாராட்டு மழை! பொழியட்டும், நமக்கென்ன வருத்தம் என்று இருந்துவிடலாம். ஆயின் இந்த 'அற்புதம்' என்ற சொல் இருக்கிறதே, அதன்மீதுதான் நமக்கு வழக்கு.

ஏழையின் வெற்றியை அற்புதம் என்று புகழ்வது செல்வர் உலகுக்கு நெடுநாளாகக் கைவந்த கலை. அற்புதத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஏன் நடந்தது, எவ்வாறு நடந்தது, வேறிடத்தில் ஏன் நடக்கவில்லை என்றெல்லாம் ஆராய வேண்டியதில்லை. கையைத் தட்டலாம், கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம், பிறகு பழையபடி பணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரலாம். மியெல்பியில் நடந்தது அற்புதம் அன்று. காரணம் உண்டு, கணக்கு உண்டு, சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை மறைப்பதற்கே அற்புதம் என்ற திரை.

முதலில் ஊரைப் பாருங்கள். சுவீடனின் தென்கோடியில் பிளேக்கிங்கே மாகாணம். அதில் பால்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் லிஸ்டர் என்னும் நிலமுனை. மியெல்பியில் வாழ்வோர் ஏறத்தாழ 1,400 பேர். அணி ஆடும் திடல் இருப்பதோ ஹெல்லெவிக் என்னும் மீனவக் குப்பத்தில். அங்கே ஏறத்தாழ 800 பேர். திடலின் பெயர் ஸ்ட்ராண்ட்வாலன்; கரையோரத் திடல் என்று கூறலாம். ஆறாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் இடம். இரண்டு ஊரும் திரண்டு வந்து, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அமர்ந்தாலும், பாதி இடம் காலியாகவே கிடக்கும். அவ்வூர் ரசிகர் சங்கம் ஹெர்ரிங் மீனின் பெயரைத் தன் பெயரிலேயே சூட்டிக்கொண்டிருக்கிறது. மீன் நாற்றம் வீசுகிறது என்று நகரத்தார் நையாண்டி செய்வதற்கு முன்பே, ஆம், வீசுகிறது, அதனாலென்ன என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நமக்கு மிகவும் பிடித்தது இது!

1939இல் தோன்றியது அந்தச் சங்கம். நாட்டின் முதல் வரிசைப் போட்டியான ஆல்ஸ்வென்ஸ்கனில் 1980இல்தான் முதன்முதலாகக் கால் வைத்தது, நிலைக்கவில்லை. ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். 2014இல் முதல் வரிசையிலிருந்து விழுந்தது. 2015இல் இரண்டாம் வரிசையிலிருந்தும் விழுந்தது. 2016இல் மூன்றாம் வரிசையில் தத்தளித்து, நான்காம் வரிசைக்குள் சரியும் விளிம்பில் நின்றது. கஜானாவும் காலி. அன்று அதை இழுத்து மூடியிருந்தால் உலகம் ஒரு வரிகூட எழுதியிராது. ஒன்பதே ஆண்டில் அதே சங்கம் முப்பது ஆட்டங்களில் 23ஐ வென்று, ஆறைச் சமன் செய்து, ஒன்றே ஒன்றில் தோற்று, 75 புள்ளிகளுடன் நாட்டின் தலைமை இடத்தில் அமர்ந்தது. பதினாறு அணிகள் மோதும் அந்தப் போட்டியில் அதற்குமுன் எவரும் அத்தனை புள்ளிகள் பெற்றதில்லை.

யார் தூக்கி நிறுத்தினார்கள்? எண்ணெய் நாட்டு இளவரசரா? அமெரிக்க முதலீட்டு நிறுவனமா? பயிற்சியாளர் ஆண்டர்ஸ் தோர்ஸ்டென்சன் முன்னாள் இராணுவ அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். அவருக்குத் துணையாக நின்ற நார்வே நாட்டுக் கார்ல் மாரியஸ் அக்சும், ஆடுகளத்தில் வீரன் தலையைத் திருப்பி எதை எப்போது பார்க்கிறான் என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். தலைமையாசிரியரும் ஆய்வாளரும்! கோடிகள் கொட்டி வாங்கப்பட்ட நட்சத்திரங்களின் பட்டியலை அங்கே தேடாதீர்கள். சங்கத் தலைவராக ஒரு தொழிலதிபர் வந்தார், கணக்கை ஒழுங்கு செய்தார், உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக வந்தார். விலைகொடுத்து வாங்கிய எசமானராக வரவில்லை. இந்த வேறுபாட்டில்தான் முழு வழக்கும் அடங்கிக் கிடக்கிறது.

சுவீடனில் விளையாட்டுச் சங்கம் என்பது கடையன்று. தொழிற்சங்கம், மதுவிலக்குச் சங்கம், படிப்பு வட்டம் இவையெல்லாம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்த மண்ணில் முளைத்தனவோ, அதே மண்ணில் முளைத்தது. மக்கள் இயக்கம் என்றே அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆண்டுச் சந்தா கட்டுகிறவர் உறுப்பினர். உறுப்பினருக்கு ஒரு வாக்கு. வலை உலர்த்துகிறவருக்கும் ஒன்று, வங்கி நடத்துகிறவருக்கும் ஒன்று. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை நீட்ட வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பிடிக்காத நிர்வாகத்தை வீட்டுக்கு அனுப்பலாம். மியெல்பியின் முழுப்பெயரையே பாருங்கள்: மியெல்பிப் பொது விளையாட்டுச் சங்கம். பொது! பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

1999இல் அந்நாட்டிலும் பணத்துக்குக் கதவு திறக்கப்பட்டது. சங்கங்கள் கம்பெனி அமைக்கலாம், வெளியார் பங்கு வாங்கலாம் என்றானது. ஆனால் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டார்கள்: வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஐம்பத்தோரு விழுக்காட்டு விதி என்பது இதுதான். பணம் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிவாளம் மட்டும் எங்கள் கையில்.

இதெல்லாம் ஏட்டில் எழுதிய சர்க்கரைதானே என்று ஐயுறுவோர் உண்டு. அவர்கள் 2024ஆம் ஆண்டு ஏப்ரலை நினைவுகூரட்டும். ஐரோப்பாவின் பெரும்போட்டிகள் எல்லாம் வீடியோ நடுவர் முறையை ஏற்றுக்கொண்டுவிட்டன. சுவீடனும் ஏற்கத்தான் போகிறது என்று கால்பந்துப் பெரியவர்கள் எண்ணியிருந்தார்கள். கோல் விழுந்தது, கத்தலாமா கூடாதா என்று ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துத் திகைத்து நிற்க எங்களால் ஆகாது என்றார்கள் திடலில் நிற்கும் உறுப்பினர்கள். சங்கம் சங்கமாக ஆண்டுக் கூட்டங்களில் தீர்மானம் போட்டார்கள். மேல் இரண்டு வரிசைகளில் உள்ள 32 சங்கங்களில் 18 வேண்டாம் என்றன. கால்பந்துக் கழகம் திட்டத்தைக் கைவிட்டது. அந்த முறை நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம்; நடுவர் தவறிழைக்கும்போது இக்கட்டுரையாளனும் பல்லைக் கடித்ததுண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, கால்பந்து உலகம் முழுவதும் பணத்தின் ஆணைக்குத் தலையாட்டும் நாளில், சந்தா கட்டிய சாமானியன் 'முடியாது' என்று சொன்னான், அது நின்றது என்பதே.

இப்போது வேறொரு சிற்றூருக்கு வாருங்கள். செர்மனியின் தென்மேற்கே சின்சைம் நகராட்சிக்குள் அடங்கிய ஹோஃபன்ஹைம். மூவாயிரத்துச் சொச்சம் மக்கள். 1990 வாக்கில் அதன் அணி எட்டாம் வரிசையில், அக்கம்பக்கத்து ஊர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொண்டிருந்தது. 2008இல் நாட்டின் முதல் வரிசையான புண்டஸ்லிகாவில் நுழைந்தது. நுழைந்த ஆண்டே பாதிப்போட்டி முடிவில் அட்டவணையின் உச்சியில் நின்றது! 2009 சனவரியில் முப்பதாயிரம் பேர் அமரும் புதிய அரங்கம் திறந்தது. ஊர் மக்கள்தொகையைப் போல் பத்து மடங்கு. இதையும் தேவதைக் கதை என்று எழுதினார்கள். இங்கே தேவதைக்கு முகவரி உண்டு. டீட்மர் ஹோப், 1972இல் எஸ்.ஏ.பி. என்னும் கணினி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். இளமையில் அந்த ஊர் அணியில் ஆடியவர். பெருஞ்செல்வம் சேர்ந்தபின் பழைய சங்கத்தை மறவாமல் வந்து பணம் கொடுத்தார். கொடுத்தார், கொடுத்தார், கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அவரை வசைபாட நாம் வரவில்லை. ஊரைப் பிழிந்து எடுத்துச் செல்லும் செல்வர் மலிந்த உலகில், ஊருக்குக் கொண்டுவந்து கொட்டியவர் அவர். இளைஞர் பயிற்சிக்கும் பிற அறச்செயல்களுக்கும் வாரி வழங்கியவர். 2020 பிப்ரவரி 29 அன்று பேயர்ன் மியூனிக் ரசிகர் சிலர் அவரை ஆபாசமாக இகழ்ந்து பதாகை பிடித்தார்கள். ஆட்டம் இருமுறை நிறுத்தப்பட்டது. ஆறு கோல் முன்னிலையில் இருந்த பேயர்ன் வீரர்களும் ஹோஃபன்ஹைம் வீரர்களும் எஞ்சிய நிமிடங்களைப் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே கழித்தார்கள். அந்தப் பதாகை இழிவானது. தாயைப் பழித்துத் தத்துவம் பேசுவோர்க்கு நம் பக்கத்தில் இடமில்லை. ஆனால் பதாகை பிடித்தவரின் வாய் அழுகியிருந்தது என்பதனால் அவர்கள் கேட்ட கேள்வி அழுகிவிடாது. கேள்வி இதுதான்: வள்ளல் ஒருவர் கொடுத்த பணத்துக்கு ஈடாக ஊரின் வாக்கை எடுத்துக்கொள்ளலாமா?

செர்மனியிலும் விதி உண்டு. 1998 முதல், கம்பெனியாக மாறிய சங்கத்திலும் பெரும்பான்மை வாக்கு உறுப்பினரிடமே இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு சந்து விட்டார்கள். இருபது ஆண்டு இடைவிடாது பெரும்பொருள் உதவியவருக்கு விலக்கு அளிக்கலாம் என்றார்கள். மருந்து உற்பத்தியாளரான பேயரின் லெவர்குசன், மோட்டார் உற்பத்தியாளரான வோல்க்ஸ்வாகனின் வுல்ஃப்ஸ்பர்க் ஆகிய இரண்டும் அந்தச் சந்தில் போயின. 2015இல் ஹோப்பும் அதே வழியில் ஹோஃபன்ஹைமின் வாக்குப் பெரும்பான்மையைப் பெற்றார். இருபது ஆண்டு தவணை கட்டினால் வீடு நமதாவது போல! விதிக்கு விலை குறித்த அந்நாளே அது விதி என்ற தகுதியை இழந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாக்குகளை 2023இல் அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். விலக்குகள் பொருந்துமா என்று அந்நாட்டுப் போட்டி கண்காணிப்பு அலுவலகம் 2021இலேயே ஐயம் கிளப்பியிருந்தது. ஆண்டுக்கணக்காக எதிர்ப்பும் இருந்தது. எக்காரணமாயினும் சரி, வாக்கு உறுப்பினரிடம் திரும்பியது. திரும்பியதும் வானம் இடிந்து விழுந்ததா? ஹோஃபன்ஹைம் கால்பந்தாட்டம் நின்றுபோயிற்றா? கொடையாளர் எசமானராக இல்லாவிட்டால் எல்லாம் குலைந்துபோகும் என்று பயமுறுத்தியோர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எதிர்வாதிகளிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தவிர்த்து ஓடுவது நேர்மையன்று. பாலத்தைக் கடந்தால் டென்மார்க், அங்கே ஐம்பத்தோரு விழுக்காடு இல்லை, பணம் தாராளமாகப் புழங்குகிறது, 2024இல் கோப்பன்ஹேகன் அணி ஐரோப்பாவின் கடைசிப் பதினாறில் ஒன்றாக நின்றது, உங்கள் சுவீடன் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார்கள். மிட்யூலண்ட் சங்கத்தை 2014இல் பந்தயக் கணக்கில் பொருள் குவித்த ஓர் ஆங்கிலேயர் வாங்கினார், அடுத்த ஆண்டே அது நாட்டின் பட்டம் வென்றது என்று உதாரணமும் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஐரோப்பிய வரிசையில் டென்மார்க் முந்தியது உண்மை. ஆனால் வாங்கியவர் விற்கவும் செய்வார். இன்று ஆங்கிலேயர், நாளை வேறொருவர். இடையே ஊரார் யார்? சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கும் வாடிக்கையாளர். கடை கைமாறும்போது வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்பது எந்த ஊரில் வழக்கம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் பக்கத்தாருக்கே கசக்கும். ஐம்பத்தோரு விழுக்காடு இருந்தால் போதும், சிற்றூர்கள் தாமே வென்றுவிடும் என்று நம்புவோர் ஏமாறுவர். அந்த விதி இருந்த நாட்டில்தானே 2020, 2021, 2023, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் மால்மோ பட்டத்தைத் தூக்கிச் சென்றது? மால்மோவும் உறுப்பினர் சங்கம்தான்; அதை ஆள்வது எந்தச் சீமானுமல்லர். பிறகு எங்கிருந்து வந்தது அந்த ஏற்றத்தாழ்வு? ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பணப்பையிலிருந்து! 2024இல் தொடங்கிய சாம்பியன்ஸ் லீக் முறையில், முதன்மைச் சுற்றுக்குள் காலெடுத்து வைக்கும் ஒவ்வோர் அணிக்கும், பந்தைத் தொடுமுன்பே, ஒரு கோடியே 86 லட்சத்து 20 ஆயிரம் யூரோ. இங்கிலாந்துச் செல்வச் சங்கங்களுக்கு அது கைச்செலவு. சுவீடனில் ஒரு சங்கத்துக்கு மட்டும் ஒருமுறை அது கிடைத்தால், மற்ற பதினைந்தும் பல ஆண்டுக்கு அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். வென்றவன் செல்வனாகிறான், செல்வனானதால் மீண்டும் வெல்கிறான், அதற்குத் திறமை என்று பெயர் சூட்டுகிறார்கள். மியெல்பி உடைத்தெறிந்தது இந்தச் சக்கரத்தை. ஒருமுறை உடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் உடைக்க முடியும் என்று எதிர்பார்ப்பது, பட்டினி கிடப்பவனை ஓட்டப் பந்தயத்தில் தினமும் வெல்லச் சொல்வது போன்றது.

அந்தப் பணமும் போதாமல் சுவரே எழுப்பிவிடத் துணிந்தவர்களும் உண்டு. 2021 ஏப்ரல் 18 இரவு, ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருஞ்சங்கங்கள் கூடிச் 'சூப்பர் லீக்' என்று அறிவித்தனவே, மறந்துவிட்டதா? நிறுவனச் சங்கங்கள் பதினைந்து. அவை என்றுமே கீழே இறங்கா. மிச்சமுள்ள ஐந்து இடங்களுக்கு மற்றவர் அனைவரும் முட்டி மோதிக்கொள்ளலாம். பரம்பரை ஜமீன், கால்சட்டை அணிந்துகொண்டு வந்தது! ஆங்கிலேய ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலச் சங்கங்களும் பின்வாங்கின. அந்தப் பன்னிரண்டில் செர்மானியச் சங்கம் ஒன்றுகூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று அதை நியாயப்படுத்த வேண்டியிருக்குமே! நம் நாட்டிலும் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது திரைநட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் தொழிலதிபர்களும் எட்டு அணிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள்; கீழிருந்து ஏறி வர ஏணியில்லை. 2023இல் பஞ்சாப் அணி ஏறி வரும்வரை ஒன்பது ஆண்டு அந்நிலை நீடித்தது. அங்கே ஒரு குப்பம் பட்டம் வெல்லுமா என்று கேட்பதே வீண்; நுழைவாயிலே இல்லையே!

ஆகவே, மியெல்பியைப் பாராட்டும் பெரிய மனிதர்களிடம் நாம் கேட்பது மலர்மாலை அன்று. ஐரோப்பியப் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை, அந்தப் போட்டிக்கே போகாத சங்கங்களுக்கும் நாட்டுக்கு நாடு பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் சிறு அளவில் இன்றும் இருக்கிறது. அந்தப் பங்கைப் பெரிதாக்குங்கள். சுவீடனின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லி ஆலோசனை கூறாதீர்கள். செர்மனியின் சந்துகளை அடையுங்கள். அந்நாட்டுப் போட்டி கண்காணிப்பு அலுவலகமே 2025 ஜூனில் தன் பூர்வாங்கக் கருத்தைச் சொல்லிவிட்டது: லெவர்குசனுக்கும் வுல்ஃப்ஸ்பர்க்குக்கும் தந்த விலக்கு நிலைத்திருக்கலாகாது, உறுப்பினராகும் வாயில் எல்லாச் சங்கங்களிலும் திறந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வாக்கியம் யாரைக் குறிக்கிறது என்று தெரியுமா, தோழர்களே? லைப்சிக்கை. 2009இல் ஓர் ஆஸ்திரியப் பான நிறுவனம், மார்க்ரான்ஸ்டட் என்னும் சிற்றூர்ச் சங்கத்தின் ஐந்தாம் வரிசை இடத்தைப் பெற்றுக்கொண்டு தொடங்கியது அது. சங்கத்துக்கு நிறுவனத்தின் பெயர் வைக்கக் கூடாது என்று விதி குறுக்கிட்டது. 'புல்தரைப் பந்தாட்டம்' என்று புதிதாக ஒரு சொல்லைச் சமைத்தார்கள். அதன் முதலெழுத்துகள் பானத்தின் முதலெழுத்துகளோடு ஒத்துப்போயின! பெரும்பான்மை வாக்கு உறுப்பினரிடம் இருக்க வேண்டும் என்ற விதியையும் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்கள். வாக்குரிமை உள்ள உறுப்பினர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். ஏழே ஆண்டில், 2016இல், முதல் வரிசைக்கு வந்துவிட்டது. லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம் லைப்சிக். 1,400 பேர் வாழும் மியெல்பியில் சந்தா கட்டிய எவரும் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கலாம். லைப்சிக்கில் கை தூக்க யாருக்கு உரிமை என்ற ஏட்டை, செர்மானியக் கால்பந்துப் பெரியவர்கள் முதலில் மேசைமீது வைக்கட்டும்; தேவதைக் கதைகளைப் பிறகு பேசலாம்.